தீபாவளிக்கு ஊர் திரும்பியவர்

செப்டம்பர் 29, ஞாயிறு

பகலில் தூங்கக் கூடாது என்று எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. இன்றும் தூங்கிவிட்டேன். கனவில் கண்மாய் நிறைந்து கிடந்தது. கருவை மரங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றன. கிளை தெரியாமல் நாரைகள். அத்தனை பறவை இருந்தால் பக்கத்தில் பேசுவது கேட்காது. கனவில் இரைச்சலே இல்லை, இறக்கைகள் மட்டும் அசைந்தன.

எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தால் மரங்கள் நிஜமாகவே வெள்ளையாக இருந்தன. கண்ணைக் கசக்கிக்கொண்டு வேலி வரைக்கும் போனேன். பாலித்தீன் பைகள். ஆடிக் காற்று கொண்டுவந்து முள்ளில் மாட்டிவிட்டுப் போனவை. மாமியார் பின்னால் வந்து நின்று, "என்னத்தா பாக்குற?" என்றார்.

"துணி காஞ்சிருச்சான்னு பாத்தேன் அத்தை."

கொடியில் துணியே இல்லை. அத்தை வெறுங்கொடியைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

காரைக்குடியிலிருந்து எஸ்தர் மறுபடியும் பேசினாள். கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். வேலையும் தங்க இடமும் தருகிறேன் என்கிறாள். "தீபாவளி லீவு முடிஞ்சு திங்கக்கெழமை தொறக்குறேன் நாகு. அன்னிக்கு நீ வந்து நிக்கணும். இல்லைன்னா வேற டீச்சரைப் போட்ருவேன், கோவிச்சுக்காத."

கோபம் என்ன இதில். என் வீட்டுக்காரர், மலேசியாவிலிருந்து வந்ததும் பேசிக்கொள்ளலாம் என்றிருக்கிறார். வந்ததும் பேசவேண்டியவை என்று ஐந்து வருடமாக நிறையச் சேர்ந்துவிட்டன. அத்தையோ, "மருமக வெளியூருக்கு வேலைக்குப் போனா, மகன் வரமாட்டான்னு ஊருக்குத் தண்டோரா போட்ட மாதிரி" என்கிறார். எஸ்தரிடம் பார்க்கலாம் என்று சொல்லி வைத்தேன்.

சாயங்காலம் பறவைப் படம் ஒன்றையாவது பார்ப்போம் என்று போனில் எங்கள் நெடுமருதங்குடியின் பெயரைப் போட்டுத் தேடினேன். இணையக் கலைக்களஞ்சியத்தில் ஊருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. எந்தப் புண்ணியவான் எழுதினாரோ. "ஒவ்வோர் ஐப்பசியிலும் ஆயிரக்கணக்கான நீர்ப்பறவைகள் இவ்வூர்க் கண்மாய்க்கு வருகின்றன. அவற்றுக்காக ஊர் மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை." இரண்டாவது வரி உண்மை. முதல் வரிக்கு எங்கள் கண்மாயை வந்து பார்த்தால் போதும். மேலே எங்கோ வரத்துக்கால் அடைபட்ட பிறகு தண்ணீரும் இல்லை, பறவையும் இல்லை. யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று போட்டிருந்தது. "இப்போது சில ஆண்டுகளாகப் பறவைகள் வருவதில்லை" என்று எழுதிச் சேமித்தேன். தோசைக்கு ஊறப்போட மறந்துவிட்டேன்.

அக்டோபர் 2, புதன்

நான் எழுதிய வரியைக் காணோம். எடுத்தவர் தன் பெயரை 'நண்டுவளை' என்று வைத்துக்கொண்டிருக்கிறார். ஆணா பெண்ணா தெரியவில்லை, ஆனால் மரியாதை தெரிந்த ஆள். பக்கத்தின் பின்புறம் பேசிக்கொள்ள ஓர் இடம் இருக்கிறது. அங்கே எனக்கு ஒரு குறிப்பு விட்டிருந்தார்: "வணக்கம். தங்கள் வரிக்குச் சான்று இல்லை. நம்பகமான நாளிதழ்ச் செய்தி ஏதேனும் இருந்தால் சுட்டுங்கள், மீண்டும் சேர்க்கலாம்."

"எங்கள் கொல்லையில் நின்றால் தெரிகிறது" என்று பதில் போட்டேன்.

"கொல்லையைச் சுட்ட வழியில்லை" என்று பதில் வந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் நான் தனியாகச் சிரித்தால் அத்தை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்ப்பார். பார்த்தார்.

அக்டோபர் 5, சனி

மலேசியாவிலிருந்து அவர் படத்தோடு பேசினார். வீடு மாறியிருக்கிறார் போல. பின்னால் பூப்போட்ட திரைச்சீலை. அவருக்குத் திரைச்சீலை வாங்கத் தெரியும் என்று எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு லீவு கேட்டிருக்கிறாராம். ஒரு குழந்தை எதையோ கீழே போட்டுவிட்டு அழுதது. பக்கத்து வீட்டுப் பிள்ளையாம். "இருடா கண்ணு" என்று திரும்பிச் சொன்னார். நல்லது, பிள்ளைகள் என்றால் அவருக்கு எப்போதும் பிரியம்.

அத்தையிடம் போனைக் கொடுத்தேன். அத்தை, "ஒடம்பப் பாத்துக்கப்பா" என்று சொல்லிவிட்டு, படம் அணைந்த பிறகும் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

புளி காய வைத்தேன். கொட்டை எடுக்க ஆள் இல்லை.

அக்டோபர் 9, புதன்

களஞ்சியத்தில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் சின்னதாக ஓர் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை நாள் அதை அலங்காரம் என்று நினைத்திருந்தேன். அழுத்தினால் கீழே கொண்டுபோய் விடுகிறது. இந்தச் செய்தி இன்ன நாளிதழில் இன்ன தேதியில் வந்தது என்று இருக்கும். அதையும் அழுத்தினால் செய்தியே திறக்கிறது. கிணற்றுப் படியில் இறங்குவது மாதிரி மத்தியானம் முழுக்க இறங்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாம் தீபாவளிக்கு முந்தின நாள் செய்திகள். "நமது நிருபர்" என்று போட்டவை. வருடா வருடம் அதே படம், அதே நாரை ஒற்றைக் காலில். பெரியவர் மாயழகு, "பறவைகள் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்" என்று போன வருடமும் சொல்லியிருக்கிறார். மாயழகு மாமா கொரோனாவில் போய்ச் சேர்ந்தார். நிருபர் பழைய செய்தியை எடுத்துத் தேதியை மாற்றி அனுப்பியிருக்கிறார், வேறென்ன. அதைப் பார்த்துக் களஞ்சியம் எழுதியிருக்கிறது. களஞ்சியத்தைப் பார்த்து ஊர் உலகம் நம்புகிறது.

கடைசிப் பத்தியை நான் எதிர்பார்க்கவில்லை. "தீபாவளிக்கு ஊர் திரும்பிய ராசபாண்டி கூறுகையில், 'மலேசியாவில் வேலை பார்த்தாலும் பறவைகளைப் போல நானும் இந்த நாளுக்குத் தவறாமல் வந்துவிடுவேன்' என்றார்."

என் வீட்டுக்காரர் ஐந்து வருடம் முன்பு வந்தபோது சொன்னது. நிருபர் இந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு எழுதிப் போனார், நான்தான் காப்பி கொடுத்தேன். அது அதற்கடுத்த வருடமும் வந்திருக்கிறது. அதற்கடுத்த வருடமும். போன வருடமும் வந்திருக்கிறது. போன தீபாவளிக்கு நானும் அத்தையும் கேசரி கிண்டி, நாங்களே தின்று, மீந்ததை எதிர்வீட்டுக்குக் கொடுத்தோம்.

களஞ்சியத்தில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது. "வெளிநாட்டில் பணிபுரிவோரும் இந்நாளில் தவறாமல் ஊர் திரும்புகின்றனர்." முடிவில் எண். அவர் வந்ததற்குச் சான்று இருக்கிறது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூசை. பரணைக் காலி செய்து துடைத்தேன். அத்தையின் தகரப் பெட்டியில் அந்துருண்டை வாசனை. பழைய பட்டுக்கு அடியில் காகிதத்தில் சுற்றிய பொட்டலம். உள்ளே ஓர் ஓலைவெடி.

"அவன் எட்டாப்பு படிக்கயில திருட்டுத்தனமா வாங்கிட்டு வந்தான்" என்றார் அத்தை. "பிடுங்கி வச்சேன். பெரியவனானதும் வெளியூருல போயி வெடிச்சுக்கடான்னு சொன்னேன். அந்த வருசம் கண்மாய்ல கூடு அம்புட்டும் குஞ்சு."

"எறிஞ்சிருக்கலாம்ல அத்தை."

"வந்தா காட்டிச் சிரிக்கலாம்னு வச்சிருந்தேன்."

மறுபடியும் காகிதத்தில் சுற்றி அதே இடத்தில் வைத்தோம். அரிவாள்மனைக்குப் பொட்டு வைத்தேன். என் பழைய பாடப் புத்தகங்களுக்கும் வைத்தேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. விடியற்காலையில் ஓட்டின் மேல் விழுந்த சத்தத்தை இறக்கை என்று நினைத்துப் படுத்தே கிடந்தேன். எழுந்தால் அது மழையாகிவிடும்.

நண்டுவளையோடு இன்று நீண்ட பேச்சு. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

"செய்தி தவறு என்று எனக்குத் தெரியும். செய்தியில் பேசுபவர் இறந்துவிட்டார்" என்று எழுதினேன்.

"நம்புகிறேன்" என்று வந்தது. "ஆனால் எனக்கோ உங்களுக்கோ தெரிந்ததை இங்கே எழுத முடியாது. வெளியே அச்சானதை எடுத்துச் சொல்லத்தான் இந்த இடம். இல்லையென்றால் ஆளாளுக்குத் தெரிந்ததை எழுதுவார்கள்."

"அச்சானது பொய்யாக இருந்தால்?"

"உண்மை அச்சாகும்வரை காத்திருப்போம். அச்சானால் நானே சேர்க்கிறேன்."

"காத்திருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு" என்று தட்டினேன். பிறகு அழித்துவிட்டு "நன்றி" என்று மட்டும் போட்டேன். முகம் தெரியாத ஆளிடம் எதற்கு.

அக்டோபர் 19, சனி

நிருபரின் எண்ணை ஊராட்சி அலுவலகத்தில் வாங்கினேன். பெயர் அமலதாஸ். டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார், செய்தி அனுப்புவது பகுதிநேரம்.

"நெடுமருதங்குடியா? இந்த வருசமும் போட்ருவோம்மா, கவலைப்படாதீங்க" என்றார்.

"பறவை வர்றதில்லை சார்."

"மழை இப்பத்தான ஆரம்பிச்சிருக்கு."

"நாலஞ்சு வருசமா வர்றதில்லை."

ஸ்டூடியோவில் யாரையோ நாடியை உயர்த்தச் சொன்னார். பிறகு, "வந்தாத்தாம்மா நியூஸு. வரலைங்கிறத நான் எந்தத் தேதியில போடுறது? என்னிக்கி வரலைன்னு கேப்பாங்க" என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். என்றைக்கு வரவில்லை? ஒரு நாள் என்று ஒன்று இருந்திருக்கும், அன்றைக்கு நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டு இருந்திருப்பேன்.

"நீங்க ஒருதடவை வந்து பாருங்க" என்றேன். "வர்றேம்மா, படமும் புதுசா வேணும்" என்றார். அந்த நாரைப் படம் அவருக்கே அலுத்திருக்கும்.

அக்டோபர் 20, ஞாயிறு

முறுக்கு மாவு அரைக்கக் கொடுத்தேன். மில்லில் கூட்டம்.

அக்டோபர் 23, புதன்

அவருக்கு லீவு கிடைக்கவில்லை. பொங்கலுக்குப் பார்க்கலாமாம். நான் "சரி" என்றேன். எஸ்தரின் வேலையைப் பற்றிக் கேட்டேன். "நான் வந்ததும் பேசிக்கலாம் நாகு" என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பிள்ளை ஓடிவந்து அவர் மடியில் ஏறிப் போனுக்குள் என்னைப் பார்த்தது. இரண்டு வயது இருக்கும். அவருக்கு இடது புருவத்தில் ஒரு சுழி உண்டு, நெற்றி வரை ஏறும். பிள்ளையின் முடி ஈரமாக இருந்தது, அப்போதுதான் குளிப்பாட்டியிருப்பார்கள். நல்ல அழகான பிள்ளை. புருவம் அடர்த்தி.

பக்கத்து வீட்டுக்காரர்கள் பிள்ளையை நம்பி விட்டுவிட்டுப் போகிறார்கள் என்றால் இவர்மேல் எவ்வளவு நம்பிக்கை இருக்க வேண்டும். இதை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்தேன். கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது.

அத்தை என் தோளுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். சாயங்காலம் எதிர்வீட்டுக்காரியிடம், "வர்றேன்னிருக்கான், டிக்கெட்டு கெடைக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அக்டோபர் 27, ஞாயிறு

அமலதாஸ் வந்தார். கழுத்தில் கேமரா. எனக்கு நினைவிருந்ததைவிட மெலிந்துவிட்டார். கண்மாய்க்குக் கூட்டிப்போனேன். போன வாரத்து மழை பள்ளத்தில் மட்டும் கலங்கலாக நின்றது. அவர் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு பைகள் மாட்டிய மரங்களைப் பார்த்தார்.

"தூரத்துலேருந்து பாத்தா கொக்கு மாதிரியே இருக்குல்ல" என்றார். படம் எடுத்தார். "நான் ரோட்டோட போயிருவேம்மா. வண்டியிலேருந்தே பாப்பேன். வெள்ளையாத் தெரியும்."

திட்டலாம் என்று இருந்தேன். பைகளைப் பார்த்து நானும் ஏமாந்தவள்தானே, விட்டுவிட்டேன்.

வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதினார். உள்ளே அத்தை முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். அச்சுக்கட்டை கிரீச் கிரீச் என்று கேட்டுக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டார். கோபிப்பார்கள். தீபாவளிக்கு வனத்துறைக்காரர்கள் ஜீப்பில் வந்து வீட்டுக்கு வீடு தரும் மிட்டாய்ப் பெட்டி நின்றுபோகும் என்று முதலில் கவலைப்படுவார்கள். "இருந்தாலும் போடுங்க" என்றேன்.

"சரி, நீங்க சொன்னதாவே போடுறேன். பேரு?"

"நாகசுந்தரி."

"வயசு?"

"முப்பத்தேழு."

"வீட்டுக்காரரு பேரு? 'இன்னார் மனைவி இன்னார்'னு போடுறதுதான் வழக்கம். பேப்பர் ஆபீசு டெஸ்க்ல கேப்பாங்க."

"பேரு மட்டும் போடுங்க சார். அப்புறம் கடைசியில ஒரு வரி வருமே. தீபாவளிக்கு ஊர் திரும்பியவரு. அதை இந்த வருசம் எடுத்துருங்க."

அவருக்கு நினைவில்லை. போனில் பழைய செய்தியை எடுத்துப் படித்தார். ராசபாண்டி என்ற பெயரைப் படித்துவிட்டுச் சுவரைப் பார்த்தார், காப்பி குடித்த இடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அவரு வரலையாம்மா?"

"வரலை. வரமாட்டாரு."

உள்ளே அச்சுக்கட்டைச் சத்தம் நின்றது. எண்ணெய் மட்டும் பொரிந்துகொண்டிருந்தது. முறுக்கு கருகும் வாசனை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கிரீச் என்று கேட்டது.

அமலதாஸ் பேனாவை மூடினார். போகும்போது அத்தை வெளியே வந்து, ஒரு தாளில் பத்து முறுக்கைச் சுற்றி அவர் கையில் கொடுத்தார். "வாசிக்கிறவுகளுக்கு உள்ளதைச் சொல்லுய்யா" என்றார்.

அக்டோபர் 28, திங்கள்

அத்தை பேசவில்லை. நானும் இல்லை. சோறு மட்டும் நேரத்துக்கு நடந்தது.

அக்டோபர் 30, புதன்

டீக்கடையிலிருந்து நாளிதழை வாங்கிவந்தேன். தலைப்பு பழைய தலைப்பு: "பறவைகளுக்காக வெடியைத் துறந்த கிராமம்." படம் அதே ஒற்றைக்கால் நாரை. டெஸ்க்கில் பைகளை விரும்பவில்லை போலிருக்கிறது. மனசு விட்டுப்போயிற்று. ஆனால் நாலாவது பத்தியில் இருந்தது:

"எனினும், சில ஆண்டுகளாகப் பறவைகள் வருவதில்லை என்று அவ்வூரைச் சேர்ந்த நாகசுந்தரி (37) கூறினார். வரத்துக்கால் அடைபட்டதே காரணம் என்றும், வராவிட்டாலும் ஊர் மக்கள் வெடி வெடிப்பதில்லை என்றும் அவர் தெரிவித்தார்."

அதற்குப் பிறகு எதுவும் இல்லை. ஊர் திரும்பியவர் இல்லை. என் பெயருக்கு முன்னால் யாரும் இல்லை. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு என் பெயர் அச்சில் வருவது இதுதான் முதல் தடவை. அந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் அவர் பெயரோடு சேர்த்துத்தான் போட்டிருந்தார்கள்.

மத்தியானம் களஞ்சியத்தைத் திறந்தேன். நண்டுவளை சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். "சில ஆண்டுகளாகப் பறவைகள் வருவதில்லை." முடிவில் புது எண். வெளிநாட்டில் பணிபுரிவோர் வரியை எடுத்துவிட்டார். பின்புறத்தில், "சான்று கிடைத்தது. வருந்துகிறேன்" என்று குறிப்பு. எதற்கு வருந்துகிறார் என்று தெரியவில்லை. பறவைக்குத்தான் இருக்கும். எனக்கு அதைப் படித்ததும் அழுகை வந்தது. இத்தனை நாள் வராதது இன்று அடக்க முடியாமல் வந்தது. அடுப்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அத்தை வந்து எதிரே உட்கார்ந்தார். நாளிதழ் அவர் கையில் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படிப்பார். எவ்வளவு நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாரோ.

"அந்தப் பிள்ளைக்குப் பேரு என்னன்னு கேட்டியா?" என்றார்.

"இல்லை அத்தை."

"எனக்கும் கேக்க வாய் வரலை. மடியில ஏறி ஒக்காந்தப்பவே தெரிஞ்சுருச்சு. இவனும் ஈரத் தலையோட அப்படித்தான் ஏறுவான்."

மழை தூறிக்கொண்டிருந்தது. அத்தை நாளிதழை நான்காக மடித்தார், அடுப்புக்குப் போடவில்லை, தகரப் பெட்டியில் வைத்துவிட்டு வந்தார்.

"எஸ்தரு பள்ளிக்கூடம் என்னிக்குத் தொறக்குது?"

"திங்கக்கெழமை."

"ம்" என்றார்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

இருட்டு விலகுவதற்குள் அத்தை எழுப்பினார். எண்ணெய்க் கிண்ணம் தயாராக இருந்தது. ஆனால் தலையில் வைக்கவில்லை. ஒரு கையில் செம்பு, ஒரு கையில் காகிதப் பொட்டலம். "வா" என்று கொல்லைப் பக்கம் நடந்தார்.

கண்மாய்க் கரை பனியில் மங்கிக் கிடந்தது. மரங்கள் எங்கே முடிகின்றன, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. தூக்கம் கலையாத எனக்கு இது கனவின் பாக்கி போல இருந்தது. வெள்ளையாக ஏதோ அசைந்தது. நான் இம்முறை ஏமாறவில்லை.

அத்தை ஓலைவெடியைக் கரைமேல் ஒரு கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். இந்த ஊரில் வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அவர் வெடி வெடித்ததில்லை. ஊதுவத்தியைக் கொளுத்தி என்னிடம் கொடுத்தார்.

"ஊருல பேசுவாக அத்தை."

"பேசட்டும். பேப்பர்லயே போட்டாச்சு. இனி யாருக்காக?"

பற்ற வைத்துவிட்டு ஓடிவந்தேன். இரண்டு பேரும் காதைப் பொத்திக்கொண்டு நின்றோம். திரி சுர்ரென்று இழுத்தது. கொஞ்சம் புகை வந்தது. பிறகு ஒன்றுமில்லை.

கிட்டே போகக் கூடாது. அணைந்தது மாதிரி இருக்கும், குனியும்போது வெடித்துவிடும் என்று எல்லோருக்கும் தெரியும். அதனால் நின்றோம். காதிலிருந்து கையை எடுக்காமல் நின்றோம். கோயில் பக்கம் மணி அடித்தது. கிழக்கே வெளுத்தது. ஒவ்வொன்றாகப் பைகள் தெரியத் தொடங்கின. நான் இன்னும் வெடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் வெடிக்கும் என்று தோன்றியது, இப்போது, இதோ இப்போது என்று.

அத்தைதான் முதலில் கையை இறக்கினார். நேரே நடந்துபோனார். நான், "அத்தை, போகாதீக" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. செம்புத் தண்ணீரை வெடியின்மேல் சாய்த்து ஊற்றினார். கடைசிச் சொட்டு வரைக்கும் ஊற்றிவிட்டுச் செம்பைக் கவிழ்த்துப் பார்த்தார்.

"நமுத்துப் போனதுக்கு எம்புட்டு நேரம்டி நிக்கிறது?" என்றார். "வா. தலைக்கு எண்ணெய் வச்சுக் குளி. காரைக்குடிக்குத் துணி எடுத்து வைக்கணும்."